பானைக்குக் கிடைத்த இடம்: ஷக்தியின் மூன்று ஆல்பங்கள்

ராஜாக்கள், போர்கள், பஞ்சங்கள்னே போய்க்கிட்டு இருக்கே, நடுவுல ஒரு இசை எபிசோட் செய்யலாமான்னு முன்பு ஒருமுறை கேட்டிருந்தேன். செய்யுங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க. அதனால் இன்றைக்கு, கடந்த சில மாதங்களாக நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் சில ஆல்பங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். வரலாறு இதிலும் இருக்கு. பயப்படாதீங்க.

இந்தக் கேட்பு எங்கிருந்து தொடங்கியது என்றால், 2024 டிசம்பர் 15. அன்றுதான் தபலா மேதை ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 73. அடுத்த ஒரு வாரம் எங்கே பார்த்தாலும் இரங்கல் கட்டுரைகள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரு வரி இருந்தது. ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாலினும் ஜாகிர் உசேனும் சேர்ந்து ஷக்தி என்ற குழுவைத் தொடங்கினார்கள், கிழக்கும் மேற்கும் சந்தித்தன, ஃப்யூஷன் பிறந்தது. முடிந்தது கதை.

அந்தக் குழுவின் பழைய ஆல்பங்களை நான் துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தேன். சரி, இப்போதாவது வரிசையாக, முதல் தட்டிலிருந்து கேட்போம் என்று உட்கார்ந்தேன். 1976-ல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் யார் யார் வாசித்தார்கள் என்று பாருங்கள். கிதார் மெக்லாலின். தபலா ஜாகிர் உசேன். வயலின் எல். சங்கர். கடம் டி.எச். விநாயக்ராம், நாம் விக்கு விநாயக்ராம் என்று சொல்கிறோமே, அவர்தான். மிருதங்கம் ராம்நாட் வி. ராகவன். ஐந்து பேரில் மூன்று பேர் தமிழ் வீடுகளில் வளர்ந்து, கர்நாடக சங்கீதம் பயின்றவர்கள். கிழக்கு மேற்கு என்று பிரித்துப் பேசும்போது இந்த மூன்று பேரும் "கிழக்கு" என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறார்கள்.

ஆனால் தட்டைக் கேட்டால் வேறு ஒன்று காதில் விழுகிறது. அந்த ஆல்பத்தில் நடக்கும் பெரிய சந்திப்பு வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில்தான். ஒரு பம்பாய்த் தபலாவும் ஒரு திருவல்லிக்கேணிப் பானையும் ஒன்றை ஒன்று கண்டுகொள்கின்றன. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும்.

முதலில் இவங்க எல்லாம் எப்படி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று பார்ப்போம். இதில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஒரு ஊர்: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மிடில்டவுன். சின்ன ஊர். அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் பிரவுன் என்ற பேராசிரியர் அங்கே உலகத்தின் பல பாகங்களின் இசையைக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்றைக்குக் கடைகளிலும் விருதுகளிலும் புழங்கும் "வேர்ல்ட் மியூசிக்" என்ற சொல்லைப் பரவலாக்கியவரும் இவரே. இவர் மிருதங்கத்தில் ஆய்வு செய்தவர். அதனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் கர்நாடக சங்கீதத்துக்குத் தனி இடம் கிடைத்தது. வீணை தனம்மாளின் பேரன்களான, பாலசரஸ்வதியின் தம்பிகளான மிருதங்கம் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அங்கே போய்க் கற்பித்தார்கள். பின்னால் நம் சபாக்களில் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று கொண்டாடப்பட்ட ஜான் ஹிக்கின்ஸ் அந்தப் பட்டறையில் உருவானவர்.

இப்போது ஷக்திக்கு வருவோம். மெக்லாலின் வீணை கற்றுக்கொண்டது வெஸ்லியனில், டாக்டர் எஸ். ராமநாதனிடம். ராம்நாட் ராகவன் அங்கே மிருதங்க ஆசிரியர். எல். சங்கர் அங்கேதான் முனைவர் பட்டம் முடித்தார். ஆக, ஐந்து பேரில் மூன்று பேரின் பாதை அந்தச் சின்ன ஊர் வழியாகப் போகிறது. இது ஏதோ ஹிப்பி காலத்து மயக்கத்தில் தற்செயலாக நடந்த சந்திப்பு என்று நினைத்தால், கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களை வைத்திருந்ததால் நடந்தது. இந்த மாதிரி விஷயங்கள் வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. எனக்கு இது எப்போதும் ஒரு குறை.

எல். சங்கரின் பாதைக்கு இன்னொரு கிளையும் இருக்கிறது. அவருடைய அப்பா வி. லட்சுமிநாராயணா வயலின் வித்வான். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்தார். 1958-ல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. அண்ணன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம். இந்த மூன்று வயலின்களும் மூன்று திசையில் போனது தனி எபிசோடுக்கான விஷயம். இன்றைக்கு ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கவாத்தியமாகவே பார்க்கப்பட்ட வயலினை நடுவில் உட்கார வைத்துப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு வீடு அது.

மெக்லாலின் யார்? இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் டான்காஸ்டர் என்ற ஊரில் 1942-ல் பிறந்தவர். 1969-ல் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலண்ட் வே' ஆல்பத்தில் வாசித்தவர். பிறகு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். மின் கிதார், டிரம்ஸ், காது கிழியும் சத்தம், மின்னல் வேகம். 1973-ல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15-வது இடம் வரை போனது. பாட்டே இல்லாத, கணக்கு நிறைந்த இசைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பெரிய அரங்குகள், ராக் ரசிகர்கள் கூட்டம். அந்த உச்சத்தில் இருந்த ஆள், மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மரக் கிதாரை எடுத்துக்கொண்டார். வியாபாரக் கணக்குப்படி இது பைத்தியக்காரத்தனம்.

அந்தக் கிதாரைப் பற்றியும் சொல்லணும். ஷக்தி காலத்தில் அவர் வாசித்த கிதார் கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்தது. வழக்கமான ஆறு தந்திகளுக்கு மேல், ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள். அவற்றைச் சுருதியாக மீட்டலாம். அதைவிட முக்கியம், கழுத்துப் பலகையில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகச் செதுக்கிவிட்டார்கள். விரல் மரத்தில் தட்டாது, தந்தியை நன்றாக இழுக்கலாம். ஏன் இழுக்கணும்? கமகத்துக்கு. வீணையில் மெழுகு மேட்டில் நிற்கும் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தானே கமகம் பிடிக்கிறோம். வீணை கற்ற கை, கிதாரில் அந்த இடத்தைத் தேடியிருக்கிறது.

இப்போது பானை.

கச்சேரி மேடையில் கடத்துக்கு என்ன இடம் என்று உங்களுக்குத் தெரியும். பாடகர் நடுவில். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். இவை பக்கவாத்தியம். கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் உபபக்கவாத்தியம். பெயரிலேயே இரண்டாவது படி. செலவு குறைக்கணும்னா முதலில் விடுபடுவது இதுதான். பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்கும்போது கடம் எப்போது சேரணும், எப்போது ஒதுங்கணும் என்பதெல்லாம் மிருதங்கக்காரரின் குறிப்பறிந்து நடப்பது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் தொடங்கும், கடம் பதில் சொல்லும், குறைப்பு வரும், பிறகு சேர்ந்து மோரா, கோர்வை. அந்தக் கொஞ்ச நேரம்தான் கடத்தின் நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்து போகும். தோசைக்கும் கடத்துக்கும் நடந்த போட்டியில் பெரும்பாலும் தோசை ஜெயித்திருக்கிறது.

வாத்தியமும் எளிமையானதுதான், பார்ப்பதற்கு. களிமண் பானை. ஆனால் குழம்பு வைக்கிற பானையை எடுத்துத் தட்டினால் கடம் ஆகாது. மானாமதுரையில் செய்யும் கடம் கனமானது. சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கணும், சுருதி பானையிலேயே இருக்கணும். மிருதங்கம் மாதிரி வார் இழுத்துச் சேர்க்க முடியாது. அதனால் கடக்காரர் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு பானை வைத்திருப்பார். கழுத்தில் ஒரு நாதம், வயிற்றில் ஒரு நாதம். வாயைத் தன் வயிற்றோடு அழுத்தி, விட்டு, அழுத்தி வாசிக்கும்போது ஒரு ஆழமான கும்காரம் வரும். அதாவது வாசிப்பவரின் உடம்பும் வாத்தியத்தின் ஒரு பாகம்.

விநாயக்ராமின் அப்பா ஹரிஹர சர்மா, சென்னையில் ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயா என்ற பள்ளியை நிறுவியவர். மகன் சின்ன வயதிலேயே மேடைக்கு வந்துவிட்டார். 1966-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினாரே, அந்தக் கச்சேரியில் கடம் இவர்தான். ஆக, ஷக்திக்கு முன்பே நம்மூர்க் கணக்குப்படி போகக்கூடிய உயரம் வரை போனவர். 1970-களில் கற்பிப்பதற்காகக் கலிபோர்னியா போனார். ஜாகிரும் அந்தப் பக்கம்தான், அலி அக்பர் கானின் இசைக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தார். மிச்சம் உங்களுக்கே புரியும்.

சரி, தட்டுக்குப் போவோம். முதல் ஆல்பம், 'ஷக்தி வித் ஜான் மெக்லாலின்'. 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டிலுள்ள சௌத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அன்றைக்கு ஜாகிருக்கு 24 வயது, சங்கருக்கு 25, மெக்லாலினுக்கு 33. விநாயக்ராமுக்கு 33 நடக்கிறது.

மொத்தம் மூன்றே உருப்படிகள். முதல் பக்கத்தில் 18 நிமிடம் ஓடும் 'ஜாய்', பின்னால் ஒரு சின்ன மென்மையான 'லோட்டஸ் ஃபீட்'. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம். அதன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த எபிசோட் முடிந்துவிடும், அவ்வளவு நீளம். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம் வாக்கில் என்பதுதான் வசதியான அளவு. அதற்கு மேல் போனால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்டணும், ஒலியின் உரத்தைக் குறைக்கணும். எந்தத் தட்டு நிறுவனமும் விரும்பாத காரியம். அப்படியும் வெட்டாமல் விட்டார்கள் என்பதற்காகவே கொலம்பியா நிறுவனத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

'ஜாய்' தொடக்கமே ஒரு ஓட்டம். கிதாரும் வயலினும் ஒரே வரியை ஒரே வேகத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. முதல் தடவை கேட்கும்போது நான் அந்த இரண்டைத்தான் கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கீழே என்ன நடக்கிறது என்று மட்டும் கவனித்தேன். ஹெட்போனில் கேட்டால் தெளிவாகக் கிடைக்கும். மேலே நடக்கிற வேகத்துக்குத் தரை போட்டுக் கொடுப்பது மூன்று கைகள். தபலாவின் இடது பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது, மிருதங்கம் கட்டிப் பிடிக்கிறது, கடம் ஒவ்வொரு எழுத்தாக உச்சரிக்கிறது. ஆமாம், உச்சரிக்கிறது என்றுதான் சொல்லணும். தோல் வாத்தியத்தில் ஒரு சொல்லின் ஓசை அடுத்த சொல்லின் மேல் கொஞ்சம் வழியும். பானையில் வழியாது. ஒவ்வொன்றும் தனியாக, காய்ந்த மழைத்துளி மாதிரி விழும். அந்த வேகத்தில் ஒரு சொல் தவறினாலும் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் பாடம். வடக்கிலும் தெற்கிலும் தாளம் முடிக்கும்போது ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிப்பது பொது வழக்கம். அங்கே அதைத் திஹாய் என்பார்கள். நம்மூர் மோராவிலும் கோர்வையிலும் அந்த மும்மடங்குதான் உயிர். ஆனால் இறங்குகிற இடம் வேறு. திஹாயின் கடைசி அடி சரியாகச் சமத்தின் மேல் விழும். நம் கோர்வையில் பொதுவாகக் கடைசிச் சொல்லின் கால அளவு நிறைந்த பிறகு சமம் வரும், அல்லது பாட்டின் எடுப்பு வரும். உதாரணமாக, 16 மாத்திரைத் தாளம். ஐந்து எழுத்துச் சொல் ஒன்று, நடுவில் ஒரு மாத்திரை இடைவெளி. 5, 1, 5, 1, 5 என்று போட்டால் 17 வரும். முதல் மாத்திரையில் தொடங்கினால் பதினேழாவது எழுத்து அடுத்த சுற்றின் சமத்தில் உட்காரும். இது திஹாய். இதையே நம்மவர் 16-க்குள் அடங்குகிற மாதிரி கணக்குப் போட்டு, சமத்தைப் பாடகருக்குத் திறந்து விட்டுவிடுவார். பல தலைமுறையாக ஒருவர் சமத்தின் மேல் குதிக்கப் பழகியவர், இன்னொருவர் அதன் வாசலில் நின்று வழிவிடப் பழகியவர்.

இந்த இரண்டு பேரை ஒரே மேடையில் உட்கார வைத்து, ஒரே வேகத்தில் முடிக்கச் சொன்னால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கணும். ஷக்தியில் இரண்டு பேரும் மாறி மாறி விட்டுக்கொடுக்கிறார்கள். வடநாட்டு ஜுகல்பந்தி, நம்மூர் தனி ஆவர்த்தனம் இரண்டிலும் இருக்கும் போட்டி மனப்பான்மை இதில் இருக்கு, ஆனால் முடிக்கும் இடத்தில் ஒருவர் பாணியை மற்றவர் எடுத்துக்கொள்கிறார். இதற்கு ஒரு பொது மொழி தேவைப்பட்டது. அது கொன்னக்கோல். வாயால் சொல்லிவிட்டால் கை எந்த ஊர்க்காரரின் கையாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். மெக்லாலின் அதைக் கடைசி வரை விடவில்லை. 2007-ல் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் 'தி கேட்வே டு ரிதம்' என்ற டிவிடியே வெளியிட்டார்.

இரண்டாவது ஆல்பம் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. 1976 ஆகஸ்டில் லண்டன் டிரைடன்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காரணம் ஒரு ஆள் குறைந்தது. ராகவன் இதில் இல்லை. குழு நான்கு பேராகிவிட்டது.

இது ஏதோ சம்பளப் பட்டியல் விஷயம் மாதிரி தெரியலாம். காதால் கேட்டுப் பாருங்கள். தெற்குப் பக்கத்துத் தாளத்தின் மொத்தப் பொறுப்பும் இப்போது விநாயக்ராம் தலையில். தனியாக ஒரு மிருதங்க வித்வான் பக்கத்தில் இல்லை என்றால், "உப" என்ற சொல்லுக்கு அர்த்தமே போய்விடுகிறது. யாருக்கு உப? பானை நேராகத் தபலாவின் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. சபாவில் எந்த விவாதமும் இல்லாமல், எந்தத் தீர்மானமும் போடாமல், ஒரு லண்டன் ஸ்டூடியோவில் கடம் ஒரு படி மேலே ஏறிவிட்டது. நம்மூரில் இது நடக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் உருப்படி 'லா டான்ஸ் டு போனர்' தொடங்குவதே கொன்னக்கோலில்தான். கிதார் வரும் முன்பே வாய்ச் சொல். 1976-ல் லண்டனிலோ சிகாகோவிலோ மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் அடுத்த தட்டு என்று நினைத்து வாங்கிய ஒரு ராக் ரசிகர், ஊசியை வைத்ததும் இதைக் கேட்டிருப்பார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை. 'இந்தியா' 12 நிமிடத்துக்கு மேல், 'ஐசிஸ்' கால் மணி நேரம். இவற்றுக்கு நடுவில் 'கிருதி' என்று ஒரு சின்ன உருப்படி, மூன்று நிமிடம்கூடக் கிடையாது. நம் தாத்தா காலத்து 78 சுழற்சி கிராமபோன் தட்டின் அளவு. அந்த மூன்று நிமிட அளவுக்குள் கிருதிகளைச் சுருக்கித்தான் நம் வித்வான்கள் தட்டுக் கொடுத்தார்கள். தெரிந்து செய்தார்களோ இல்லையோ, எனக்கு அந்த ஞாபகம் வந்தது.

மூன்றாவது 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்', 1977. எட்டு உருப்படிகள், எல்லாம் சின்னச் சின்னதாக. வெயில் அடிக்கிற மாதிரி துள்ளலான மெட்டுகள் உண்டு, கரீபியன் பக்கத்து அசைவு உண்டு. வானொலிக்காரர்கள் எடுத்துப் போட வசதியான நீளம். நல்ல ஆல்பம்தான், ஆனால் எனக்கு இதில் ஒரு அவசரம் தெரிகிறது. கதவைத் தட்டி "எங்களையும் கேளுங்கள்" என்று சொல்கிற தொனி. 29 நிமிடம் ஒரே உருப்படியை வாசித்த குழுவுக்கு அது பொருந்தவில்லை. விநாயக்ராம் மட்டும் இதில் நன்றாக விளையாடியிருக்கிறார், கடத்தோடு மற்ற வாத்தியங்களையும் கையில் எடுத்துக்கொண்டு.

விற்பனை? 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' போன உயரத்தின் பக்கத்தில்கூட இந்த மூன்றும் போகவில்லை. ஜாஸ்காரர்களுக்கு இது ஜாஸ் இல்லை, ராக்காரர்களுக்கு டிரம்ஸ் இல்லை, நம் சபாக்காரர்களுக்குக் கிதார் இருக்கிறது. 1978-ஓடு குழு நின்றது. விநாயக்ராம் சென்னைக்குத் திரும்பி, அப்பாவின் பள்ளியைப் பார்த்துக்கொண்டார்.

ஃப்யூஷன் என்ற சொல்லில் எனக்கு இருக்கும் சங்கடம் இங்கேதான். அந்தச் சொல்லைப் போட்டவுடன் நாம் கிதாரையும் தபலாவையும் மட்டும் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் "கலப்படம்" என்று ஒதுக்குவதும், வெளிநாட்டு விமர்சகர்கள் "கிழக்கு மேற்கு" என்று கொண்டாடுவதும் ஒரே தவறின் இரண்டு முனைகள். இரண்டு பேருமே அந்தப் பானை என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. மெக்லாலினுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கணும். அட்டையில் அவர் பெயர் இருந்ததால்தான் தட்டு வெளியே வந்தது. வாசிப்பில் அவர் தன்னைச் சுருக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இடம் விட்டார். ஆனால் அவர் விட்ட இடத்தில் என்ன நடந்தது என்று யாராவது எழுதணும் இல்லையா?

ஷக்தி முடிந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்று தொடர்ந்து கேட்டபோது கிடைத்த இரண்டு ஆல்பங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று எல். சங்கரின் 'ஹூஸ் டு நோ'. 1980-ல் பதிவானது, ஜெர்மனியின் இ.சி.எம். வெளியீடு. பத்துத் தந்திகளும் இரண்டு கழுத்துகளும் கொண்ட வயலின் ஒன்றை அவர் உருவாக்கிக்கொண்டார், கீழே டபுள் பேஸ் வரை இறங்கும். அதை வைத்துக்கொண்டு ராகம் தானம் பல்லவி. தாளத்துக்கு உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் ஜாகிரின் தபலாவும். ஷக்தியில் பாதியில் காணாமல் போன மிருதங்கம் இங்கே முழு அதிகாரத்தோடு திரும்பி வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல், விளக்கைக் குறைத்துக் கேட்க வேண்டிய தட்டு. மூன்று வாரமாக வேறெதுவும் ஓடவில்லை எங்கள் வீட்டில். வீட்டில் இருப்பவர்களின் கருத்தை இங்கே சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

இன்னொன்று 1991-ல் வந்த 'பிளானட் டிரம்'. கிரேட்ஃபுல் டெட் குழுவின் மிக்கி ஹார்ட் உலகத்துத் தாளக்காரர்களைக் கூட்டி வைத்துச் செய்தது. நைஜீரியாவின் ஒலாதுஞ்சி, பிரேசிலின் ஐர்டோ, போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவானி ஹிடால்கோ, கூடவே ஜாகிர், விநாயக்ராம். வேர்ல்ட் மியூசிக் ஆல்பத்துக்கான முதல் கிராமி விருது இதற்குத்தான் கிடைத்தது. பெருமைதான். ஆனால் காதுக்கு என்னவோ, இதில் கடம் ஒரு வண்ணமாக மட்டும் வந்து போகிறது. கூட்டம் அதிகம். எதிரில் ஒரே ஒரு தபலா இருந்தபோது பேசிய பானை, பெரிய விருந்தில் அவ்வளவாகப் பேசவில்லை.

1990-களின் கடைசியில் மெக்லாலினும் ஜாகிரும் 'ரிமெம்பர் ஷக்தி' என்ற பெயரில் மீண்டும் கூடினார்கள். அதில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்து சேர்ந்தார். 2014-ல், 45 வயதில் அவர் மறைந்தார். விநாயக்ராமின் இடத்துக்கு செல்வகணேஷ் வந்தார், கஞ்சிராவோடு. அதுவும் உபபக்கவாத்தியம்தான், அதிலும் கையளவு வாத்தியம். இந்தத் தடவை யாரும் அதை ஒரு விஷயமாகவே பேசவில்லை. 1976-ல் அப்பா உட்கார்ந்த இடம் அது, மகன் போய் உட்கார்ந்துகொண்டார்.

2023-ல் 'திஸ் மொமெண்ட்' வந்தது. சங்கர் மகாதேவன் பாட்டு, கணேஷ் ராஜகோபாலன் வயலின். கொரோனா காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி பெரும்பாலும் தனித்தனியாகப் பதிவு செய்து சேர்த்த ஆல்பம். ஸ்ரீநிவாஸுக்காகச் செய்த 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' அதில் முதல் உருப்படி. 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. சுத்தமான பதிவு, குறை சொல்ல எதுவும் இல்லை. நான்கு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை கேட்கத் தோன்றவில்லை. 1975 தட்டில் ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டுத் திரும்புவது தெரியும், நடுவில் கூட்டம் ஆர்ப்பரிப்பது தெரியும். அதற்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜாகிர் போய்விட்டார். விநாயக்ராமுக்கு 2014-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

கேட்கணும் என்று தோன்றினால் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யில் தொடங்குங்கள். 'ஐசிஸ்' போடுங்கள், கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் தடவை எப்படி வேண்டுமானாலும் கேளுங்கள். இரண்டாவது தடவை கிதாரையும் வயலினையும் மனசுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டு, களிமண் எங்கே ஒலிக்கிறது என்று மட்டும் தேடுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் அந்தக் கும்காரம் கிடைக்காது, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.